செல்ஃப் டிரைவ் காரில் செட்டிநாடு ட்ரிப்: வாடகையைக் கேட்கும் முன் நம்பர் பிளேட்டைப் பாருங்க... ஏன்?

கீழச்சிவல்பட்டியில் ஐயாவுக்கு எண்பதாம் கல்யாணம். சென்னையில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பேரன், வெள்ளிக்கிழமை இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்பியாக வேண்டும். கூட மூன்று நண்பர்கள். சொந்தக் கார் இல்லை. ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட். பஸ்ஸில் போனால், இறங்கிய பிறகு நாலு இடம் சுற்றிப் பார்க்க வண்டி கிடையாது. அப்போதுதான் வாட்ஸ்அப்பில் அந்த மெசேஜ் வருகிறது: "மச்சான், தெரிஞ்ச பையன்கிட்ட ஸ்விஃப்ட் இருக்கு. செல்ஃப் டிரைவ். ஆப்ல காட்டுறதுல பாதி ரேட்தான். ஆதாரும் அட்வான்ஸும் குடுத்தா சாவி கைல."

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், லாங் வீக்கெண்ட் வந்தால் உங்கள் போனுக்கும் இப்படி ஒரு மெசேஜ் வரலாம். பாதி ரேட் என்றதும் கை தானாக பணம் அனுப்பப் போகும். அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வண்டியின் நம்பர் பிளேட் என்ன நிறம்?

செட்டிநாட்டுக்கு ஏன் கார் தேவைப்படுகிறது?

செட்டிநாடு என்பது ஒரே ஊர் இல்லை. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் சிதறிக் கிடக்கும் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள். அவற்றில் ஒன்றுதான் திருமயத்துக்கும் திருப்பத்தூருக்கும் இடையில் இருக்கும் கீழச்சிவல்பட்டி. நகரத்தாரின் ஒன்பது கோயில்களை எடுத்துக்கொள்ளுங்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி. பிள்ளையார்பட்டிக்கு பஸ் பிரச்சினையே இல்லை. மற்ற பல கோயில்களுக்கு டவுன் பஸ் நேரத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். இதோடு கானாடுகாத்தான் அரண்மனை, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகள், கண்ணதாசன் பிறந்த சிறுகூடல்பட்டி என்று லிஸ்ட் நீளும். ஒன்றரை நாளில் இவ்வளவையும் பார்க்க நினைத்தால் கையில் ஒரு வண்டி இருந்தாக வேண்டும். ஆக, ஆசையில் தப்பில்லை. எந்த வண்டி என்பதில்தான் விஷயம்.

பிளேட்டின் நிறம் என்ன சொல்கிறது?

வெள்ளையில் கறுப்பு எழுத்து: சொந்தப் பயன்பாட்டுக்கான கார். வாடகைக்கு விடக் கூடாது.

மஞ்சளில் கறுப்பு எழுத்து: டாக்ஸி. டிரைவரோடு வரும்.

கறுப்பில் மஞ்சள் எழுத்து: நீங்களே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு விட அனுமதி பெற்ற கார். நமக்கு வேண்டியது இதுதான்.

மின்சார கார்களுக்கு பச்சை பிளேட் என்பதால் நிறம் குழப்பலாம். அப்போது எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். வாகன வகை 'மோட்டார் கார்' என்று இருந்தால் அது சொந்த உபயோக வண்டி. 'மோட்டார் கேப்' என்று இருந்தால் வாடகை வண்டி. இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை இருக்கிறது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். ஒரு நிமிட வேலை.

கறுப்பு பிளேட் எல்லோருக்கும் சுலபமாகக் கிடைத்துவிடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 75-வது பிரிவின் கீழ் 1989-ல் 'ரென்ட்-எ-கேப்' திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. அதன்படி உரிமம் வாங்க ஒரு நிறுவனத்திடம் குறைந்தது 50 கார்கள் இருக்க வேண்டும். அவற்றுக்கு அகில இந்திய டூரிஸ்ட் பர்மிட் வேண்டும். ஒன்றிரண்டு கார் வைத்திருக்கும் 'தெரிஞ்ச பையன்' இதற்குள் வரவே முடியாது. அவரால் எப்படி பாதி ரேட்டுக்குத் தர முடிகிறது என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. பர்மிட் கட்டணம், வணிக வாகன வரி, வருஷா வருஷம் கூடுதலாகக் கட்டும் இன்சூரன்ஸ், இவை எதுவும் அவருக்கு இல்லை. அந்தச் செலவு மிச்சமாகிறது. ரிஸ்க் மட்டும் உங்கள் தலையில் வந்து உட்காருகிறது.

வெள்ளை போர்டு காரில் போனால் என்னதான் ஆகும்?

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பிவிடுவீர்கள். அதனால்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் என்ன என்பதுதான் கேள்வி.

முதலில் போலீஸ், ஆர்.டி.ஓ. சோதனை. பர்மிட் இல்லாத வண்டியை வாடகைக்கு ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஏ பிரிவு பாயலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமும் 6 மாதம் வரை சிறையும் அதில் உண்டு. வண்டியைக் கொடுத்தவரோடு அது நிற்காது. ஓட்டியவரையும் அந்தப் பிரிவு சேர்த்தே சொல்கிறது. வண்டியைப் பிடித்து வைக்கவும் அதிகாரம் இருக்கிறது. எண்பதாம் கல்யாணத்துக்குப் போகிற வழியில் நடுரோட்டில் இறக்கிவிடப்பட்டால் என்ன செய்வீர்கள்?

இதைவிடப் பெரிது விபத்து. இன்சூரன்ஸில் மூன்று கணக்கு இருக்கிறது. மூன்றிலும் வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுத்தவர் மாட்டிக்கொள்கிறார்.

ஒன்று, வண்டிக்கு ஏற்படும் சேதம். சொந்தக் காருக்கான பாலிசியில், வாடகைக்கு விட்டால் செல்லாது என்று நிபந்தனையே இருக்கிறது. கம்பெனி க்ளெய்மை மறுத்தால், பம்பர் முதல் என்ஜின் வரை எல்லாச் செலவையும் வண்டிக்காரர் உங்களிடம்தான் கேட்பார்.

இரண்டு, எதிரில் வந்தவருக்கு அடிபட்டால். பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓடியது என்ற காரணத்தைச் சொல்லி இழப்பீட்டிலிருந்து விலக, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு சட்டத்தின் 150-வது பிரிவு வழி தருகிறது. பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயம் சொல்வதும் உண்டு. எப்படியானாலும், கவனக்குறைவாக ஓட்டியவர் என்று முடிவானால் வழக்கில் உங்கள் பெயரும் இருக்கும். இழப்பீடு பல லட்சம் போகலாம்.

மூன்று, உங்களுக்கே அடிபட்டால். 'உரிமையாளர்-ஓட்டுநர்' தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய் என்று பாலிசியில் பார்த்திருப்பீர்கள். அது வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான். வாடகைக்கு வாங்கி ஓட்டுகிற உங்களுக்கு இல்லை. உங்கள் கையில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு இருந்தால்தான் உண்டு.

ஆப்பில் எடுத்தால் கவலை இல்லையா?

ஆப் என்பதால் மட்டும் நம்பிவிட முடியாது. 2013-ல் பெங்களூருவில் தொடங்கிய ஜூம்கார் போன்றவை வந்த பிறகுதான் செல்ஃப் டிரைவ் நம் ஊர்களில் பரவலானது. தொடக்கத்தில் இதுபோன்ற நிறுவனங்கள் தங்கள் கார்களையே வாடகைக்கு விட்டன. இப்போது தனிநபர்களின் கார்களையும் பட்டியலிடும் முறை வந்துவிட்டது. எனவே ஆப்பில் புக் செய்தாலும் டெலிவரிக்கு வரும் வண்டியின் பிளேட்டைப் பாருங்கள். வெள்ளை என்றால் வாங்காமல் கேன்சல் செய்து, வேறு வண்டி கேளுங்கள்.

கறுப்பு போர்டு ஓட்ட 'பேட்ச்' வேண்டுமா?

வேண்டாம். இலகுரக வாகன உரிமம், அதாவது எல்.எம்.வி. லைசென்ஸ் போதும். 7,500 கிலோவுக்கு மேற்படாத போக்குவரத்து வாகனங்களை ஓட்ட தனி அனுமதி தேவையில்லை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வும் உறுதிசெய்துவிட்டது. லைசென்ஸை டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வாடகை ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓட்டலாம். ராத்திரி மாற்றி மாற்றி ஓட்டப்போகிறீர்கள் என்றால் ரெண்டாவது ஆளின் பெயரையும் லைசென்ஸையும் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

சென்னையில் எடுப்பதா, திருச்சியில் எடுப்பதா?

பலரும் யோசிக்காத கேள்வி இது. ஐரோப்பாவில் சுற்றுலா போனவர்களைக் கேட்டால் ஒரு யோசனை சொல்வார்கள்: பெரிய நகரத்தின் நடுவில் கார் எடுக்காதே, ரயிலில் வெளியே வந்து, கிராமங்களுக்குப் பக்கத்திலுள்ள சின்ன ஊரில் எடு. காரணம் இருக்கிறது. பெர்லின் நகரின் மையப் பகுதிக்குள் போக பச்சை ஸ்டிக்கர் வேண்டும். 2010 முதல் இருக்கும் விதி அது. லண்டனில் அதிகப் புகை விடும் வண்டிகளுக்கான கட்டணம் 2023 ஆகஸ்ட் முதல் நகரம் முழுவதற்கும் வந்துவிட்டது. நம் ஊரில் அந்தக் கட்டணங்கள் இல்லை. ஆனால் கணக்கு அதேதான்.

சென்னையிலிருந்து கீழச்சிவல்பட்டி ஏறத்தாழ 400 கிலோமீட்டர். போக வர 800. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் 53 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 5,300 ரூபாய். பரனூர் முதல் சமயபுரம் வரை டோல் தனி. வாடகையில் ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர் வரம்பு என்று வையுங்கள். மூன்று நாளுக்கு 900. அதில் 800 நெடுஞ்சாலையிலேயே கரைந்துவிடும். ஒன்பது கோயிலுக்கும் மிஞ்சுவது 100 கிலோமீட்டர். அதற்கு மேல் ஓடினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தனியாகப் பிடிப்பார்கள்.

திருச்சியில் எடுத்தால்? புதுக்கோட்டை, திருமயம் வழியாக ஒரு பக்கம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான். 2023 செப்டம்பரில் தொடங்கிய சென்னை–நெல்லை வந்தே பாரத்தில் சுமார் 4 மணி நேரத்தில் திருச்சிக்கு வந்துவிடலாம். மதுரையில் எடுப்பதும் ஒரு வழி. பல்லவன் எக்ஸ்பிரஸில் நேராக காரைக்குடிக்கே வந்து, அங்கே மஞ்சள் போர்டு டாக்ஸியை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்வதும் நல்ல வழிதான். வாரம் முழுக்க லேப்டாப் பார்த்த கண்ணோடு ராத்திரி முழுக்க ஸ்டீயரிங் பிடிக்க வேண்டியதில்லை. இதுவே பெரிய லாபம்.

சாவி வாங்கும் முன்...

* ஆர்.சி., பர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று ஐந்தையும் கேட்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.
* வண்டியைச் சுற்றி வந்து ஒரே வீடியோவாக எடுங்கள். கீறல், டயர், கண்ணாடி, கிலோமீட்டர், பெட்ரோல் முள் எல்லாம் அதில் தெரிய வேண்டும். திருப்பித் தரும்போதும் இதே மாதிரி ஒன்று.
* ஸ்டெப்னி, ஜாக்கி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள்.
* ஃபாஸ்டேக்கில் காசு இருக்கிறதா, அதை யார் போடுவது என்று பேசிவிடுங்கள்.
* விபத்து நடந்தால் உங்கள் பங்கு அதிகபட்சம் எவ்வளவு? ஒப்பந்தத்தில் இந்தத் தொகையைத் தேடிப் படியுங்கள்.
* ஒரிஜினல் ஆதார், சொந்த பைக், அதன் ஆர்.சி. புக் எதையும் அடமானமாகக் கொடுக்காதீர்கள். எண்களை மறைத்த 'மாஸ்க்டு' ஆதார் நகல் போதும்.
* பிறகு ஏதாவது அபராதம் என்று டெபாசிட்டில் பிடித்தால், இ-சலான் நகலைக் கேளுங்கள். பரிவாகன் தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.

ஊருக்குள் போன பிறகு...

செட்டிநாட்டு வீடுகளில் பல, ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும். மேப்பை மட்டும் நம்பினால் பின்கட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். தெருமுனையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் கேட்டுவிடுவது நல்லது. ஊருணிக் கரையை ஒட்டிய ரோடுகளில் ராத்திரி வேகம் வேண்டாம். அறுவடை சமயத்தில் ரோட்டிலேயே நெல் காயும். தைப்பூசத்தை ஒட்டி பழநிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் விடியற்காலையிலேயே ரோட்டில் நடப்பார்கள். தூரத்தில் தலைகள் தெரிந்ததுமே ஹைபீமைக் குறையுங்கள். பொங்கல் நேரத்தில் சிராவயல் மஞ்சுவிரட்டு நாளன்று அந்தப் பக்கம் போகிற திட்டம் இருந்தால் ரூட்டை மாற்றிக்கொள்ளுங்கள்.

வாசலில் கார் வந்து நின்றதும் ஆயா முதலில் கேட்பது, "சாப்பிட்டியாப்பா?" அடுத்து கேட்பது, "வண்டி யாரோடது?" ஆயா சும்மாதான் கேட்கிறார். ஆனால் விபத்து என்று ஒன்று நடந்தால் போலீஸும் இன்சூரன்ஸ்காரரும் கோர்ட்டும் கேட்கப்போவது இதே கேள்வியைத்தான். "வாடகை வண்டி ஆயா, பேப்பரெல்லாம் பக்காவா இருக்கு" என்று சொல்ல முடிந்தால், நிம்மதியாக உள்ளே போய் இலையில் உட்காரலாம்.