டிவி அம்மாவிடம், கேம் கையில்: வீட்டு கன்சோலுக்கு ஆபத்தா?

காஞ்சிபுரத்திலிருந்து ஒரகடத்துக்கு கம்பெனி பஸ்ஸில் போய் வருபவர் வீடு திரும்பவே ராத்திரி ஆகிவிடும். அந்த நேரம் ஹாலில் சீரியல் ஓடும். வீட்டில் இருப்பதோ ஒரே டிவி. 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு இந்தியாவுக்கு வந்த பிளேஸ்டேஷன் 5-க்கு அந்த டிவி கிடைக்காவிட்டால் வேலையே இல்லை.

இந்தச் சிக்கலுக்குத்தான் 2017 மார்ச்சில் நிண்டெண்டோ ஸ்விட்ச் வந்தது. டாக்கில் வைத்தால் டிவியில் ஓடும், எடுத்தால் கையில் ஓடும். அதற்கு முந்தைய ‘வீ யூ’ கன்சோல் சுமார் 1.35 கோடிதான் விற்றது. ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டியது. நிண்டெண்டோவின் வீட்டு கன்சோலுக்கு முடிவு கட்டியது நிண்டெண்டோவேதான்!

அப்போ சோனிக்கு? இப்போதைக்கு பயமில்லை. பிஎஸ்5 8 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. கையடக்கக் கருவிகளில் பேட்டரியும் சூடும் தடை. பெரிய டிவியில் பிஎஸ்5 காட்டும் கிராபிக்ஸ் அவற்றில் வராது.

நம்ம ஊர் கதை வேற. ஸ்விட்சை நிண்டெண்டோ இங்கே நேரடியாக விற்பதில்லை. இறக்குமதி செய்யும் கடைக்காரர் கொடுத்தால்தான் வாரண்டி. அசுஸ் ராக் அலை 2023-ல் முறைப்படி வந்தபோது அதன் விலை 69,990 ரூபாய். அந்த விலைக்கு யார் வாங்குவது? சொந்த ரூமில் டிவி இருந்தால் பிஎஸ்5 பக்கம் போகலாம். இல்லையா, ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் போனிலேயே ஒரு கன்ட்ரோலரை மாட்டிப் பாருங்கள். பஸ் பயணத்துக்கு அது தாராளம்.