உரோமர் இல்லத்துப் பலிபீடம்

பண்டை உரோமரின் சமயத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கப்பித்தோலியக் குன்றின்மேல் நின்ற யூப்பித்தரின் பெருங்கோயிலையும், அங்கே காளைகளைப் பலியிட்ட குருமாரையும், வெற்றி வேந்தரின் ஊர்வலங்களையுமே எடுத்துரைப்பர். அவை யாவும் அரசின் சமயம். சாதாரணக் குடிமகன் ஒருவன் காலையில் எழுந்ததும் வணங்கிய தெய்வம் அக்குன்றின்மேல் இருக்கவில்லை. அஃது அவன் வீட்டு அடுப்பங்கரையிலே, சுவரிற் குடைந்த ஒரு சிறு மாடத்திலே இருந்தது. உரோமரின் சமய வாழ்வு எங்கே வேரூன்றி நின்றது என்பதை அறிய விரும்புவோர் அம்மாடத்தையே முதலில் நோக்குதல் வேண்டும்.

பிற்காலத்துக் கிறித்தவர் இவ்வழிபாட்டினரைப் ‘பாகானுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லால் அழைத்தனர். அதிலிருந்தே ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ‘பேகன்’ என்னும் சொல் பிறந்தது. நாட்டுப்புறத்தான் என்பதே அதன் பழம்பொருள். ‘படைவீரன் அல்லாதவன்’ என்ற பொருளிலும் அது வழங்கியதுண்டு. சமயப் பொருளில் அது நிலைபெற்றது கி. பி. 4ஆம் நூற்றாண்டிலேயே. அதற்கு முன்னர்த் தம்மைப் பேகன் எனக் கூறிக்கொண்டு எவரும் விளக்கேற்றவில்லை. தம் முன்னோர் செய்தவாறு செய்கின்றோம் என்றே அவர்கள் எண்ணினர்.

இல்லுறை தெய்வங்கள்

உரோமர் வீட்டில் வழிபடப்பெற்ற தெய்வங்கள் பலவாயினும் அவற்றை நான்கு வகையாகப் பிரித்துக் கூறலாம். முதலாவது வெஸ்தா. அவள் அடுப்புத் தீயின் தெய்வம். தீயே அவள் வடிவமாகக் கொள்ளப்பட்டமையால் வீடுகளில் அவளுக்கு உருவம் அமைப்பது அரிது.

இரண்டாவது வகையினர் லாரேஸ் எனப்படுவோர். ஒருவரைக் குறிக்கும்போது லார் என்பர். குறுகிய மேலாடை அணிந்து, கால்நுனியில் நின்று ஆடும் இளைஞர் இருவராக ஓவியர் இவர்களைத் தீட்டினர். ஒரு கையில் உயர்த்திய மதுக்கொம்பும், மற்றக் கையில் கிண்ணமோ சிறு வாளியோ காணப்படும். இவர்களின் தோற்றம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இறந்த முன்னோரின் ஆவிகளே லாரேஸ் ஆயின என்றார் சாம்தர். வயலையும் நிலவெல்லையையும் காத்த தெய்வங்களே பின்னர் வீட்டினுள் புகுந்தன என்றார் விசோவா. எவ்வாறாயினும் லார் ஓரிடத்தையும் அவ்விடத்தில் வாழ்வோரையும் காப்பவன் என்பதில் ஐயமில்லை. கி. மு. 200ஐ ஒட்டிய காலத்தில் வாழ்ந்த பிளௌத்துஸ் என்னும் நாடக ஆசிரியர் தம் ‘அவுலுலாரியா’ என்னும் நாடகத்தில் லாரையே முதலில் மேடைக்கு வரச் செய்தார். அவ்வீட்டுத் தலைவன் கருமி, தெய்வத்தைக் கவனியாதவன். அவன் மகளோ நாள்தோறும் தூபமோ மதுவோ மாலையோ தவறாது படைப்பவள். அதற்கு மகிழ்ந்த லார், அவள் மணம் இனிது முடியும்பொருட்டு வீட்டினுள் மறைந்திருந்த புதையலை வெளிப்படுத்துகின்றான்.

மூன்றாவது வகை பெனாத்தேஸ். ‘பெனுஸ்’ என்றால் உணவுப்பொருள் சேமிக்கும் அறை. அவ்வறையைக் காக்கும் தெய்வங்களாதலின் இப்பெயர் வந்தது. லாருக்கு வரையறுத்த வடிவம் உண்டு. பெனாத்தேசுக்கு அது இல்லை. குடும்பத்தார் எத்தெய்வத்தை விரும்பித் தேர்ந்தனரோ அதுவே அவர்தம் பெனாத்தேஸ் ஆயிற்று. வணிகன் மெர்க்குரியை வைத்தான். மற்றொருவன் வீனசையோ பொர்த்தூனாவையோ எர்க்குலீசையோ வைத்தான்.

நான்காவது ஜீனியஸ். இது வீட்டுத் தலைவனோடு உடன்பிறந்த ஆற்றல். குலம் தழைக்கச் செய்வது. பெண்ணுக்குரிய இவ்வாற்றலை யூனோ என்றழைத்தனர். தோகா என்னும் மேலாடையால் தலையை மூடி, பலியிடும் கிண்ணத்தை ஏந்திய மனிதனாக ஜீனியசைத் தீட்டுவது வழக்கம்.

பீடத்தின் அமைப்பு

இத்தெய்வங்களுக்கு வீட்டில் அமைத்த இடத்தை இன்றைய ஆராய்ச்சியாளர் ‘லராரியம்’ என்பர். கி. பி. 79இல் வெசூவியஸ் எரிமலை பொம்பேயி நகரைச் சாம்பலில் மூடியமையால், அந்நகரத்து வீட்டுப் பீடங்கள் நூற்றுக்கணக்கில் அழியாது நமக்குக் கிடைத்துள்ளன. போய்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1937இல் அவற்றைத் தொகுத்து ஒரு பட்டியல் வெளியிட்டார். புதியன இன்றும் வெளிப்படுகின்றன. செடிகளும் பறவைகளும் தீட்டப்பெற்ற சுவர்களிடையே அமைந்த அழகிய பீடம் ஒன்று 2018இல் அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்டது.

அவற்றை நோக்குமிடத்து மூவகை அமைப்புப் புலப்படும். மிக எளியது சுவரிற் குடைந்த மாடம். சிறு உருவங்களையும் விளக்கையும் வைப்பதற்கு அதுவே போதும். அதனினும் எளிதாக, மாடமும் இன்றிச் சுவரில் ஓவியம் மட்டும் தீட்டி, அதன்முன் சிறு பீடம் வைத்தோரும் உண்டு. செல்வர் இல்லங்களில் மேடைமீது தூண்களும் முக்கோண முகப்பும் கொண்ட சிறு கோயில் ஒன்றை எழுப்பினர். அமைந்த இடமும் ஒருபடித்தன்று. சமையலறையிலும், முன்கூடத்திலும், தூண்கள் சூழ்ந்த தோட்ட முற்றத்திலும் பீடங்கள் உள்ளன. எளிய மாடமும் ஓவியமும் சமையலறையிலே மிகுதி.

வெத்தியர் இல்லம் என வழங்கும் வீட்டின் பீடம் இவற்றுள் பெரும்புகழ் வாய்ந்தது. 1894இல் அகழத் தொடங்கிய அவ்வீட்டில், சமையலறைக்கு அணித்தான சிறு முற்றத்தில் அது நிற்கின்றது. நடுவே தலைமூடிய ஜீனியஸ் ஒரு கையில் கிண்ணமும் மற்றதில் தூபப்பெட்டியும் ஏந்தி நிற்க, இருமருங்கிலும் லாரேஸ் ஆடுகின்றனர். கீழே பெரும் பாம்பொன்று படையல் வைத்த பீடத்தை நோக்கி ஊர்ந்து வருகின்றது. உரோமருக்குப் பாம்பு தீமையின் குறி அன்று. அவ்விடத்துக்குக் காவலாக நிற்கும் நல்லாற்றலாகவே அதைப் போற்றினர். அதற்கு முட்டையும் தேவதாருக் காயும் படைப்பதாகப் பல ஓவியங்கள் காட்டுகின்றன.

பீடத்தில் எவற்றை வைப்பது என்பதில் குடும்பத்தார்க்கு இருந்த உரிமைக்குப் ‘பொற்காமர் இல்லம்’ என்னும் வீடு நல்ல சான்று. அவ்வீட்டின் ஒரு பீடத்தில் யூப்பித்தர், யூனோ, மினர்வா ஆகிய உரோமத் தெய்வங்களோடு மெர்க்குரியும் லாரேசும் வீற்றிருந்தனர். அதே முற்றத்தின் மற்றொரு பக்கத்தில் ஈசிஸ், செராப்பிஸ், அனூபிஸ், ஆர்ப்போக்கிரத்தேஸ் ஆகிய எகிப்தியத் தெய்வங்களுக்கு ஒரு பீடம் அமைந்திருந்தது. இரண்டும் ஒரே கூரையின்கீழ் முரணின்றி நின்றன.

வழிபாட்டு முறை

வீட்டு வழிபாட்டுக்குக் குருக்கள் வேண்டுவதில்லை; வீட்டுத் தலைவனே குரு. மாதந்தோறும் முதல் நாளாகிய காலெண்டும், நோனேஸ், ஈடேஸ் என்னும் நாட்களும், திருவிழா நாட்களும் சிறப்புடையன. அந்நாட்களில் அடுப்பின்மேல் மாலை சூட்டி, லாரை வேண்டுதல் வேண்டும் எனக் கி. மு. 2ஆம் நூற்றாண்டிலேயே காத்தோ தம் வேளாண்மை நூலில் விதித்துள்ளார். படையல் பெரும்பாலும் எளிது. தூபம், மது, மாவும் உப்பும், தேனடை, கனி, பூமாலை ஆகியன போதும். விலையுயர்ந்த பலியினும் தூய கையால் இட்ட மாவும் உப்புமே பெனாத்தேசை மகிழ்விக்கும் என்று ஓராஸ் என்னும் புலவர் நாட்டுப்புறப் பெண்ணொருத்திக்கு உரைக்கும் பாடல் ஒன்றுண்டு. தலைவன் பிறந்தநாளில் ஜீனியசுக்கு மதுவை வார்க்கலாம், உயிர்ப்பலி இடலாகாது. தான் ஒளி பெற்ற நாளில் பிறிதோர் உயிரின் ஒளியைப் பறித்தல் தகாது என்பதே அதற்குக் காரணம் எனக் கி. பி. 238இல் எழுதிய சென்சோரீனுஸ் விளக்குகின்றார்.

உணவு வேளையும் வழிபாடே. முதற்பந்தி முடிந்ததும் உணவில் ஒரு பங்கை எடுத்துச் சென்று அடுப்புத் தீயில் இடுவர். தெய்வங்கள் அருள்கூர்ந்தன என ஒரு சிறுவன் அறிவிக்கும்வரை அனைவரும் பேசாது இருப்பர். உண்ணும்போது தரையில் வீழ்ந்த உணவையும் லாருக்கு உரியதாகக் கருதி எரித்தனர் என்று பிளீனி குறிப்பிடுகின்றார்.

வாழ்க்கையின் திருப்பங்கள் யாவும் அப்பீடத்தின் முன்னரே நிகழ்ந்தன. சிறுவன் ஆளானதும் கழுத்தில் அணிந்திருந்த காப்பணியைக் கழற்றி லாருக்குச் சாத்தினான். மணமகள் மூன்று காசுகளோடு புக்ககம் வந்தாள். ஒன்றைக் கணவனிடம் கொடுத்தாள். ஒன்றை அடுப்பிலுறையும் லாருக்கு இட்டாள். மூன்றாவது நாற்சந்தியிலுள்ள லாருக்கு உரியது. முதுமையுற்ற படைவீரனோ தன் படைக்கலத்தை அதே பீடத்தருகே வைத்து ஓய்ந்தான்.

அடிமையும் பீடமும்

உரோமர் குடும்பம் என்பது பெற்றோரும் பிள்ளைகளும் மட்டும் அன்று. அடிமைகளும் அதனுள் அடங்குவர். வீட்டு உரிமையோ குலப்பெயரோ இல்லாத அவர்களும் லாருக்கு முன் நின்றனர். பண்ணையை நடத்திய அடிமைப் பெண்ணே அடுப்புக்கு மாலை சூட்டவேண்டும் என்கிறார் காத்தோ. ஆயினும் தலைவனோ தலைவியோ கட்டளையிட்டாலன்றி வேறெந்தப் பலியும் அவள் செய்யலாகாது என அவரே தடுக்கின்றார். குடும்பம் முழுவதற்கும் வழிபாடு செய்பவன் தலைவன் ஒருவனே என்பது அவர் கொள்கை. கொம்பித்தாலியா என்னும் விழாவிலும் இவ்விருதன்மை விளங்கும். உரிமையுடையோர் ஒவ்வொருவருக்கும் கம்பளியாற் செய்த ஒரு பாவையும், அடிமை ஒவ்வொருவனுக்கும் ஒரு பந்தும் நாற்சந்தியில் தொங்கவிடப்பட்டன. அடிமையும் கணக்கில் சேர்ந்தான். ஆனால் அவனுக்கு மனித வடிவம் கொடுக்கப்படவில்லை.

பொம்பேயியில் எப்பீதியுஸ் இரூபுஸ் என்பவர் இல்லத்துப் பீடத்தில் ஒரு கல்வெட்டு உள்ளது. விடுதலை பெற்ற இருவர் தம் பழைய தலைவனின் ஜீனியசுக்கும் லாரேசுக்கும் அப்பீடத்தை அர்ப்பணித்ததாக அது கூறும். அவ்விருவரின் பெயரும் தியாதுமேனுஸ் என்பதே. அன்பினாற் செய்தனரோ, கடமையாற் செய்தனரோ கல் கூறவில்லை. எனினும் தம் பெயரைப் பொறிக்க அவர்கள் தேர்ந்த இடம் அதுவே.

அரசும் அடுப்பும்

இல்லத்துப் பீடம் தனியொருவனின் விருப்பத்துக்கு இடமளித்தமையால் அரசியலாளரும் மெய்யியலாளரும் அதை ஓரளவு அச்சத்தோடு நோக்கினர். தனியார் வீடுகளில் வழிபாட்டிடம் அமைத்தலாகாது எனப் பிளேட்டோ தம் ‘சட்டங்கள்’ என்னும் நூலிலே விதித்தார். அரசு ஏற்காத புதிய தெய்வங்களைத் தனித்து வணங்கலாகாது எனச் சிசரோவும் எழுதினார். அச்சிசரோவே கி. மு. 58இல் நாடு நீங்க நேர்ந்தபோது தம் வீட்டில் வணங்கிய மினர்வா உருவத்தை எடுத்துச் சென்று கப்பித்தோலியக் குன்றில் வைத்துவிட்டுப் புறப்பட்டார். பகைவனாகிய குளோதியுஸ் அவர் வீட்டை இடித்து அவ்விடத்தில் சுதந்திர தேவிக்குக் கோயில் எடுத்தான். மறுவருடம் மீண்ட சிசரோ, குடிமகனின் இல்லத்தினும் புனிதமான இடம் வேறில்லை. அவன் பீடமும் அடுப்பும் பெனாத்தேசும் அங்கேயே உள்ளன என வாதாடி நிலத்தை மீளப் பெற்றார்.

பேரரசர் காலத்தில் அரசு வேறு வழியை நாடியது. கி. மு. 30இல் ஒக்தாவியனுக்கு எல்லா விருந்துகளிலும் மது வார்க்க வேண்டுமெனப் பேரவை தீர்மானித்தது. அவரே பின்னர் அகுஸ்துஸ் எனப் பெயர் பெற்றார். கி. மு. 7ஐ ஒட்டி நாற்சந்திகளின் லாரேஸ் ‘அகுஸ்துசின் லாரேஸ்’ ஆயினர். ஆயினும் குடிமக்கள் தம் தெய்வங்களோடு ஊடும் உரிமையை இழக்கவில்லை. கி. பி. 19இல் எல்லோரும் விரும்பிய கெர்மானிக்குஸ் இறந்தபோது, துயரம் தாங்காத சிலர் தம் வீட்டு லாரேசைத் தெருவில் வீசினர் எனச் சுவெத்தோனியுஸ் கூறுகின்றார்.

இறுதியில் அரசு வீட்டு வாயிலைக் கடந்தது. கி. பி. 392 நவம்பர் 8இல் தியோதோசியுஸ் பேரரசன் பிறப்பித்த சட்டம், லாரைத் தீயாலும், ஜீனியசை மதுவாலும், பெனாத்தேசை நறும்புகையாலும் எவரும் மறைவிலும் வழிபடலாகாது என்றது. விளக்கேற்றுதல், தூபமிடுதல், மாலை தொங்கவிடுதல் ஆகியனவும் தடுக்கப்பட்டன. மீறியவன் அவ்வழிபாடு நிகழ்ந்த வீட்டையோ நிலத்தையோ இழப்பான். முன்னைய சட்டங்கள் பெரும்பாலும் கோயிலையும் உயிர்ப்பலியையுமே நோக்கின. இச்சட்டமோ சமையலறையின் மாலையையும் விளக்கையும் பெயர் சுட்டித் தடுத்தது.

அதனால் விளக்குகள் யாவும் ஒருங்கே அணைந்துவிடவில்லை. அதன்பின் இரு பத்தாண்டுகள் கழியுமுன் ஏசாயாவின் நூலுக்கு உரை வகுத்த செரோம் என்னும் கிறித்தவ அறிஞர், உரோம நகரத்தார் இன்னும் கதவுகளுக்குப் பின்னால் உருவங்களை வைத்து மெழுகுதிரியும் விளக்கும் ஏற்றுகின்றனர் எனக் குறைகூறுகின்றார். வழிபட்டோரைக் கண்டித்தவரின் எழுத்தே அவர்கள் நிலைத்து நின்றமைக்குச் சான்றாயிற்று.

யூப்பித்தரின் கோயிலை மூடுவதற்கு ஓர் ஆணையும் சில காவலரும் போதும். அடுப்பங்கரை மாடத்தின் நிலை அத்தகையதன்று. அதற்குக் குருக்கள் இல்லை, மானியம் இல்லை, காவல் இல்லை. இரவில் கதவை அடைத்தபின் ஒரு கைப்பிடி மாவும், ஒரு துளி மதுவும், சிறு விளக்கும் அதற்குப் போதியனவாயிருந்தன.