மாரா சஃபாரி: யாருடைய நிலத்தில் தங்கப் போகிறீர்கள்?

கென்யாவின் மசாய் மாராவுக்குப் போக ஆசைப்படும் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த மாசம் போனா வில்டபீஸ்ட் ஆறு தாண்டுறதப் பாக்கலாம்?" ஜூலை முதல் அக்டோபர் வரை என்று யூடியூபே சொல்லிவிடும். இரண்டாவது கேள்வி செலவு. இந்த இரண்டுக்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தங்கப் போவது ரிசர்வுக்குள்ளா, கன்சர்வன்சியிலா? பல கொட்டேஷன்களில் இரண்டுமே "மசாய் மாரா, 3 இரவுகள்" என்றுதான் இருக்கும். ஆனால் நிலத்தின் சொந்தக்காரர் வேறு, விதிகள் வேறு, நாம் கொடுக்கும் காசு போய்ச் சேரும் இடமும் வேறு.

முதலில் ரிசர்வ். மசாய் மாரா நேஷனல் ரிசர்வ் என்பது சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். நரோக் கவுண்டி அரசின் பொறுப்பில் இருக்கிறது. அதில் மாரா ஆற்றுக்கு மேற்கே இருக்கும் பகுதியின் பெயர் மாரா டிரையாங்கிள். 2001 முதல் அதை நிர்வகிப்பது லாப நோக்கமற்ற ஒரு அமைப்பு. அதன் பெயர் என்ன தெரியுமா? மாரா கன்சர்வன்சி! பெயரில்தான் கன்சர்வன்சி, இடம் என்னவோ ரிசர்வுதான். பெயர் வைத்தவர் நம்மைக் குழப்பவே வைத்தாரோ என்னவோ.

நான் சொல்லும் கன்சர்வன்சிகள் ரிசர்வுக்கு வடக்கிலும் கிழக்கிலும் ஒட்டியபடி இருப்பவை. நபோய்ஷோ, ஓலாரே மொட்டோரோகி, மாரா நார்த், ஓல் கின்யேய் என்று பதினைந்துக்கும் மேல் உண்டு. இவை மசாய் குடும்பங்களின் பட்டா நிலங்கள். ரிசர்வுக்கும் இவற்றுக்கும் நடுவே வேலி கிடையாது. சிங்கத்துக்கு எல்லைக்கோடு தெரியாது, இஷ்டத்துக்கு வரும், போகும்.

இந்த நிலங்கள் எப்படிப் பட்டா நிலங்கள் ஆயின என்பதுதான் இதில் முக்கியமான கதை. 1968இல் வந்த ஒரு சட்டம் மசாய் மேய்ச்சல் நிலங்களை 'குரூப் ராஞ்ச்' என்ற பெயரில் கூட்டு உடைமையாகப் பதிவு செய்ய வழி செய்தது. பிறகு அந்தக் கூட்டு உடைமைகளும் உடைந்தன. மாராவை ஒட்டியிருந்த கொய்யாக்கி ராஞ்ச் உறுப்பினர்களுக்கு ஆளுக்குச் சுமார் 150 ஏக்கர் என்று பிரித்துக் கொடுக்கப்பட்டது. 150 ஏக்கர் என்றதும் நமக்கு வாய் பிளக்கும். மழை நிச்சயமில்லாத புல்வெளியில், மாட்டை நம்பிப் பிழைக்கும் ஒரு குடும்பத்துக்கு அது பெரிய நிலமே இல்லை. காய்ந்த காலத்தில் மாடு பல மைல் நடந்தாக வேண்டும். கையில் பட்டா வந்ததும் முன்னால் இருந்த வழிகள்: விற்பது, வேலி போடுவது, கோதுமை விதைக்க விடுவது. இந்த மூன்றில் எது நடந்தாலும் காட்டு விலங்குக்கு இடம் போச்சு.

நான்காவது வழியாக வந்ததுதான் கன்சர்வன்சி. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நூற்றுக்கணக்கான பட்டாக்களைச் சேர்த்து ஒரே நிலமாகக் குத்தகைக்கு விடுவது. குத்தகைப் பணத்தைச் சுற்றுலா முகாம்கள் கொடுக்கும். 2006இல் ஓலாரே ஓரோக் இப்படித் தொடங்கியது. 2010இல் நபோய்ஷோ வந்தது: ஐந்நூறுக்கும் மேற்பட்ட நில உரிமையாளர்கள், சுமார் 50,000 ஏக்கர். 2013ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் கன்சர்வன்சிகளுக்குச் சட்ட அங்கீகாரமும் கொடுத்தது.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமம், குத்தகை ஏக்கர் கணக்கில் நிர்ணயமாகி இருப்பது. கூடாரம் நிரம்பினாலும் காலியாகக் கிடந்தாலும் உரிமையாளருக்கு அதே தொகை, நேராக அவர் கணக்குக்கு. ஆபத்தை முகாம் ஏற்றுக்கொள்கிறது. மென்பொருள் ஆசாமிகளுக்குப் புரியும்படி சொன்னால், இது சப்ஸ்கிரிப்ஷன் மாடல்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? கென்யாவின் வனவிலங்குகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தேசியப் பூங்காக்களுக்கும் ரிசர்வுகளுக்கும் வெளியேதான் வாழ்கின்றன. 1977இலிருந்து 2016 வரையான விமானக் கணக்கெடுப்புகளை அலசிய ஒரு ஆய்வு, இந்த நாற்பது ஆண்டுகளில் நாட்டின் வனவிலங்குகள் சராசரியாக 68 சதவீதம் குறைந்துவிட்டதாகச் சொல்கிறது. செரங்கெட்டியிலிருந்து வரும் பெரிய கூட்டத்தைத்தான் உலகமே படம் எடுக்கிறது. லோய்ட்டா சமவெளிக்கும் மாராவுக்கும் இடையே போய்வந்த இன்னொரு வில்டபீஸ்ட் கூட்டம் இருந்தது. 1970களின் இறுதியில் ஒரு லட்சத்துக்கும் மேல். இன்று அதில் ஒரு சிறு பங்குதான் மிச்சம். கோதுமையும் வேலியும் அதன் பாதையை மறித்துவிட்டன. கன்சர்வன்சிகள் இருக்கும் இடமும் அந்தப் பாதையில்தான்.

எல்லாம் நல்லபடி நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருப்பதால் பணமும் அவர்கள் கைக்கே போகிறது. குத்தகைக்கு விட்ட நிலத்திலிருந்து வீடும் மாட்டுப்பட்டியும் வெளியே நகர வேண்டியிருந்தது, மேய்ச்சலுக்கும் கட்டுப்பாடு. நில உரிமையாளருக்கு அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஈடாகக் குத்தகை வருகிறது. நிலமே இல்லாத குடும்பத்துக்குக் கட்டுப்பாடு மட்டும்தான். 2020இல் விமானங்கள் நின்றபோது பல கன்சர்வன்சிகளில் குத்தகையே வெட்டுப்பட்டது. நிரந்தர வருமானம் என்பது டூரிஸ்ட் வரும்வரைதான் என்று எல்லாருக்கும் அப்போது தெரிந்தது. இவ்வளவையும் கணக்கில் எடுத்தாலும், வேலிக்கும் கோதுமைக்கும் ஈடுகொடுக்கிற வேறு வருமானம் அந்த நிலத்துக்கு இல்லை என்பது என் கணிப்பு.

சரி, போகிறவருக்கு என்ன வித்தியாசம்? பல கன்சர்வன்சிகளில் ஒரு கூடாரத்துக்கு 350 ஏக்கர், சிலவற்றில் 700 ஏக்கர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு சிறுத்தையைச் சுற்றி முப்பது வண்டி நிற்கும் காட்சியை இங்கே பார்க்க முடியாது. ராத்திரி வண்டியில் போகலாம், மசாய் வழிகாட்டியோடு நடக்கலாம். ரிசர்வில் இந்த இரண்டும் கிடையாது. (நடைக்குச் சின்னப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை, வயது வரம்பு முகாமுக்கு முகாம் மாறும்.) பொதுவாக அங்கேயே தங்குபவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. ரிசர்வில் தங்கிக்கொண்டு "அப்படியே ஒரு எட்டு நபோய்ஷோ போயிட்டு வரலாம்" என்பது நடக்காது.

எதிர்த்திசையில் போகலாம், காசு கொடுத்தால். இங்கேதான் பட்ஜெட் இடிக்கும். வெளிநாட்டவருக்கு ரிசர்வ் கட்டணம் 2024இலிருந்து ஜனவரி–ஜூன் மாதங்களில் தலைக்கு 100 டாலர், ஜூலை–டிசம்பரில் 200 டாலர். அதுவும் காலை 6 முதல் மாலை 6 வரை, 12 மணி நேரத்துக்கு. புகழ்பெற்ற ஆறு தாண்டும் இடங்கள் ரிசர்வுக்குள் இருக்கின்றன. கன்சர்வன்சியில் தங்கும் தம்பதிக்கு சீசனில் ஒருநாள் ரிசர்வ் என்றால் 400 டாலர் கூடுதல். ஆகவே போவதென்றால் மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு முழு நாளும் போய் வாருங்கள். தினம் அரை அரை நாளாகப் பிரித்துப் போட்டால் ஒவ்வொரு நாளும் முழு டிக்கெட். கட்டணங்கள் மாறுகிறவை, பதிவு செய்யும் வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

ஆறு தாண்டுவதைப் பார்த்தே தீர வேண்டும் என்ற வெறி இல்லாதவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். சிங்கம், சிறுத்தை, யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வருஷம் முழுக்க அங்கேயே இருப்பவை. ஏப்ரல், மே பெரிய மழைக் காலம். அந்த மண் நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலின் சொந்தக்காரன். நனைந்தால் நான்கு சக்கரமும் சுற்றும், வண்டி நகராது. வாடகை குறைவு என்று ஆசைப்படும்முன் இதை யோசியுங்கள்.

நைரோபியிலிருந்து சாலை வழி ஐந்தாறு மணி நேரம். சின்ன விமானம் என்றால் முக்கால் மணி. ஆனால் அது கிளம்புவது வில்சன் விமான நிலையத்திலிருந்து. இந்தியாவிலிருந்து போய் இறங்குவது ஜோமோ கென்யாட்டாவில். நடுவே நைரோபி டிராஃபிக். லக்கேஜ் பொதுவாக 15 கிலோ, அதுவும் மடங்கும் துணிப்பை. சக்கரம் வைத்த பெட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் பைக்கு கென்யாவில் 2017 முதல் தடை.

விசா இப்போது இல்லை. பதிலாக இணையத்தில் முன்கூட்டியே இ.டி.ஏ அனுமதி வாங்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டு, அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். அட்டை இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. மலேரியா மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

பதிவு செய்யுமுன் முகாமுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கூடாரம் எந்தக் கன்சர்வன்சிக்குள் இருக்கிறது, அல்லது வெளியே வேலியோரமாக இருந்துகொண்டு பெயரை மட்டும் போட்டுக்கொள்கிறீர்களா? கன்சர்வன்சி கட்டணம் வாடகையில் சேர்ந்ததா, தனியா? நில உரிமையாளர்களுக்கு மாதாமாதம் குத்தகை போகிறதா? வழிகாட்டி உள்ளூர்க்காரரா, வழிகாட்டிகள் சங்கத் தேர்வில் வெண்கலமா வெள்ளியா? ஒழுங்காக நடத்துகிறவர்கள் இதற்கு நீளமாகப் பதில் எழுதுவார்கள். விலைப்பட்டியல் மட்டும் திரும்பி வந்தால் அடுத்த முகாமுக்கு எழுதுங்கள்.