கல்லும் ஆறும் சொல்லும் கதை
திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒரு நாள்

யோர்தான் ஆற்றைக் கால் நனையாமல் கடந்த இஸ்ராயேல் மக்கள், ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து வந்து நாட்டினார்கள் என்று யோசுவா ஆகமம் கூறுகிறது. பிற்காலத்தில் பிள்ளைகள் அக்கற்களைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். அப்போது தந்தையர் விடை சொல்லவேண்டும் என்பதே அதன் நோக்கம். கற்களுக்குத் தாமாகப் பேச வாய் இல்லை. பெற்றோர் பேசினால்தான் அவையும் பேசும்.

நம் பங்குக் குடும்பங்கள் ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் செல்கின்றன. வழியில் திருச்சியைக் கடக்கும்போது, "அதோ மலைக்கோட்டை!" என்று பேருந்தின் சன்னல் வழியே கைநீட்டுவதோடு நம் வரலாற்றுப் பாடம் முடிந்துவிடுகிறது. பிள்ளை அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் வண்டி நெடுந்தூரம் சென்றுவிடும்.

போலந்து தரும் பாடம்

சுற்றுலாவைக் கல்வியாக்கிய நாடுகளுள் போலந்தும் ஒன்று. 1795 முதல் 1918 வரை, 123 ஆண்டுகள், அந்நாடு உலகப் படத்திலேயே இல்லை. அண்டைப் பேரரசுகள் மூன்று அதனைப் பங்கிட்டுக்கொண்டன. மொழியும் விசுவாசமும் முன்னோர் நினைவும் மட்டுமே அம்மக்களைக் காத்தன. இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான வார்சா பழைய நகரைப் பழைய ஓவியங்களின் துணைகொண்டு மீண்டும் எழுப்பினார்கள். விஸ்துலா ஆற்றங்கரையில், கிராக்கோ நகரின் வாவெல் குன்றின்மேல் அரண்மனையும் பேராலயமும் நிற்கின்றன. அங்கே துயிலும் அரசர்களின் கல்லறைகள் அந்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடநூலாக விளங்குகின்றன.

அப்பேராலயத்தின் நிலவறையில்தான் 1946 நவம்பர் 2ஆம் நாள் கரோல் வொய்த்திவா என்ற இளங்குரு தம் முதல் திருப்பலியை நிறைவேற்றினார். அவரே பிற்காலத்தில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர். குருக்கள் இளைஞர் குழுக்களை நடத்துவதை அன்றைய அரசு விரும்பவில்லை. எனவே அவர் சாதாரண உடையில் மாணவர்களை மலைகளுக்கும் ஏரிகளுக்கும் அழைத்துச் சென்றார். மாணவர்கள் அவரை "மாமா" என்று அழைத்தார்கள். கவிழ்த்து வைத்த படகே அங்கே பலிபீடமாயிற்று. 1958இல் ஆயராக நியமனம் பெற்ற செய்தி அவருக்கு எட்டியதும் அத்தகைய படகுப் பயணம் ஒன்றின்போதுதான்.

ஆற்றங்கரையில் ஒரு குன்று, குன்றின்மேல் கோவில், அதைச் சுற்றிப் பல நூற்றாண்டு வரலாறு. இது நமக்கு மிக அருகிலும் இருக்கிறதல்லவா?

குன்றின்மேல்

வெயில் ஏறுமுன் மலைக்கோட்டைக்குச் செல்வது நலம். ஏறத்தாழ 83 மீட்டர் உயர்ந்து நிற்கும் இப்பாறை இமயமலையினும் பன்மடங்கு பழமையானது. ஏறும் வழியில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோவில் உள்ளது. கங்கையைச் சடையில் தாங்கும் சிவனின் சிற்பம் அங்கே காணத்தக்கது. பாறையின் மற்றொரு புறத்தில் சமணத் துறவியரின் கற்படுக்கைகள் இருக்கின்றன. உச்சியிலிருந்து நோக்கினால் காவிரியும், ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களும், லூர்து அன்னை ஆலயத்தின் கூர்கோபுரமும் ஒரே காட்சியில் அடங்கும். பல சமயத்தார் ஒரே ஆற்றுநீரைப் பருகி வாழ்ந்த ஊர் இது என்பதை அங்கே விளக்கத் தேவையில்லை.

அடிவாரத்தில்

கீழே கோட்டைப் பகுதியில், தெப்பக்குளத்திற்கு அருகில், கிறிஸ்துநாதர் ஆலயம் இருக்கிறது. இதனை 1766இல் எழுப்பியவர் சுவார்ட்ஸ் ஐயர் எனும் லுத்தரன் குரு. 1726இல் அவர் பிறந்த சொன்னன்பர்க் என்ற சிற்றூர் அன்று பிரஷ்ய ஆட்சியில் இருந்தது. இன்று சுவோன்ஸ்க் என்ற பெயரில் போலந்து நாட்டில் உள்ளது. அதனருகே வார்த்தா ஆற்றின் முகத்துவாரச் சதுப்பு நிலம், ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் தங்கும் தேசியப் பூங்காவாக 2001இல் அறிவிக்கப்பட்டது. அந்த ஆற்றங்கரையில் பிறந்தவர் காவிரிக்கரைக்கு வந்து தமிழ் கற்று, கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தபோது ஆதரவற்றுப் போன பிள்ளைகளைப் பேணினார். 1798இல் தஞ்சையில் உயிர்நீத்தார். பிரிந்த சகோதரர்களின் புண்ணியங்களையும் மகிழ்ந்து போற்றுமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்திருக்கிறது.

சிறிது நடந்தால் புனித சூசையப்பர் கல்லூரி. 1844இல் நாகப்பட்டினத்தில் சேசு சபையினர் தொடங்கிய இக்கல்லூரி 1883இல் திருச்சிக்கு வந்தது. குடியரசுத் தலைவராக விளங்கிய அப்துல் கலாம் 1954இல் இங்கே பட்டப்படிப்பை முடித்தார். இராமேசுவரத்து முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைக்கு அறிவியல் கற்பித்த கத்தோலிக்கக் கல்லூரி இது என்று நம் பிள்ளைகளிடம் சொல்லுவோம். அதனை ஒட்டி நிற்கும் லூர்து அன்னை ஆலயம், பிரான்சு நாட்டு லூர்து பேராலயத்தை மாதிரியாகக் கொண்டு எழுந்தது. அங்கே சற்று நேரம் முழந்தாளிட்டுச் செபித்துவிட்டுக் காவிரிப் பாலத்தைக் கடப்போம்.

இரு நதிகளின் நடுவே

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவு ஸ்ரீரங்கம். ஏழு திருச்சுற்றுகள், 21 கோபுரங்கள், 156 ஏக்கர் பரப்பு என்று எண்களை அடுக்கலாம். ஆயினும் இங்கே வியப்பானது வேறு. வெளிச்சுற்றுகளான சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் மக்கள் இன்றும் குடியிருக்கிறார்கள். கோவிலே ஓர் ஊர். ஊரே ஒரு கோவில்.

இவ்வூரும் போலந்தைப் போலவே இழந்து மீண்டது. 1323இல் டில்லிப் படையெடுப்பின்போது அரங்கனின் உற்சவத் திருமேனியை அடியார்கள் மறைவாக எடுத்துச் சென்றார்கள். ஊர் ஊராக அலைந்த அத்திருமேனி 1371இல் தான் திரும்பியது. ஒரு தலைமுறை காத்திருந்தே மறைந்தது. அடுத்த தலைமுறை மறக்கவில்லை. விசயநகரக் காலத்தில் தொடங்கி அரைகுறையாய் நின்ற தெற்கு ராயகோபுரமும் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கழித்து, 1987இல், 13 நிலைகளோடு நிறைவு பெற்றது. கோவிலைப் புதுப்பித்த பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது.

உட்பிராகாரங்களில் பிற சமயத்தார்க்கு அனுமதியில்லை. அந்த வரம்பை மனமுவந்து மதிப்பதே விருந்தினர்க்கு அழகு. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமானவற்றைத் திருச்சபை தள்ளுவதில்லை என்று 1965இல் சங்கம் அறிவித்தது. சேஷராயர் மண்டபத்தில் தூண்களிலிருந்து பாய்ந்தெழும் குதிரைகளைச் செதுக்கிய உளிக்குத் தலைவணங்குவதால் நம் விசுவாசம் குறைந்துவிடாது.

முக்கொம்பில் மாலை

கட்டுச்சோற்றை அவிழ்க்க ஏற்ற இடம் முக்கொம்பு. போகும் வழியில், இரு நதிகளுக்கிடையே மேலூரில், 2015இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. ஆகவே தண்ணீர் அப்பக்கமே ஓடித் தஞ்சை வயல்கள் வறண்டன. 1836இல் பொறியாளர் ஆர்தர் காட்டன் இங்கே மேலணையைக் கட்டுவித்தார். கரிகாலன் மணல்மேல் எழுப்பிய கல்லணையை ஆராய்ந்தே அவர் இக்கலையைக் கற்றார்.

அந்த மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்டு 22ஆம் நாள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. அதே மாதத்தில், 1928ஆம் ஆண்டின் பழைய கொள்ளிடப் பாலமும் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. ஆற்றுமணலை அளவின்றி அள்ளியதே இதற்குக் காரணம் என்று விவசாயிகள் குமுறினார்கள். பின்னர் புதிய கதவணை எழுந்தது. அள்ளிய மணலோ திரும்பி வரவில்லை. படைப்பு நமக்குச் சொந்தமான சரக்கு அன்று, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொது இல்லம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் எழுதியதை ஆற்றங்கரையில் அமர்ந்து நினைப்பது தகும்.

அன்பார்ந்த பெற்றோரே, அடுத்த விடுமுறையில் ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள். புறப்படுமுன் நீங்கள் சற்றே படியுங்கள். உண்ட இலையையும் தாளையும் ஆற்றில் எறியாமல் திரும்பக் கொண்டுவரப் பிள்ளைகளைப் பழக்குங்கள். "இது என்ன கல்? இது ஏன் வறண்டது?" என்று அவர்கள் கேட்பார்கள். நாடிழந்த போலந்து மக்களிடம் 123 ஆண்டுகள் அத்தகைய கேள்விகளுக்கு விடை இருந்தது. நம்மிடமும் இருக்கட்டும்.