ஸ்பிரிங் உடைந்தால் யாரைக் கேட்பது?

மெரினாவுக்குப் போனவர்களுக்குப் பலூன் சுடும் கடையைத் தெரியாமல் இருக்காது. பலகையில் வரிசையாகப் பலூன் கட்டியிருக்கும். கடைக்காரர் துப்பாக்கியின் குழலைப் படக்கென்று மடக்கி, ரவையை இட்டு, நிமிர்த்தி நம் கையில் கொடுப்பார். அதற்குள் வெடிமருந்து எதுவும் கிடையாது. ஒரு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன், ஒரு பிடி காற்று, அவ்வளவுதான். அந்த ஸ்பிரிங் ஒருநாள் உடையும் என்று கடைக்காரருக்குத் தெரியும். உடைந்தால் மாற்றிக்கொள்வார், அதற்காக யாரோடும் சண்டைக்குப் போவதில்லை.

எங்கள் தெருத் தம்பி ஒருவருக்குத்தான் சண்டை போட வேண்டியிருந்தது. குறிபார்த்துச் சுடுகிற பயிற்சிக்கென்று ஏர் ரைஃபிள் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் சுடும்போது உள்ளே ‘கிணிங்’ என்று ஒரு சத்தம் வந்ததாம். அதற்குப் பிறகு ரவை தகர டப்பாவைக்கூடத் துளைக்கவில்லை. பட்டறையில் பிரித்துப் பார்த்தால் ஸ்பிரிங் இரண்டு துண்டு. விற்ற கடைக்காரர், “ரவை போடாம சும்மா சுட்டிருப்பீங்க, வாரண்டி கிடையாது” என்றிருக்கிறார். கம்பெனிக்குப் போன் போட்டால், “ஸ்பிரிங் தேயற பாகம் சார், அதுக்கு நாங்க பொறுப்பில்ல” என்று பதில்.

“அப்போ யாருதாண்ணே பொறுப்பு?” என்று டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். இரண்டு டீ சொன்னேன். இது ஒரு டீயில் முடிகிற கதை இல்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ரவையைத் தள்ளுவது ஸ்பிரிங் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஸ்பிரிங் தள்ளுவது பிஸ்டனை. பிஸ்டன் தன் முன்னால் இருக்கிற காற்றை நெருக்குகிறது. நெருங்கிய காற்று ஒரு சின்னத் துவாரம் வழியாகப் பாய்ந்து ரவையைத் தள்ளுகிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அமுக்கிப் பாருங்கள், விரலை முட்டுகிற காற்று எப்படிப்பட்டது என்று தெரியும். பம்பில் மெதுவாக நடப்பது இங்கே நூறில் ஒரு நொடிக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. அரை கிராம் எடையுள்ள ரவை நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் வெளியேறினால் அதன் ஆற்றல் 10 ஜூல். ஸ்பிரிங்கில் நாம் மடக்கி ஏற்றியது அதைப்போலச் சில மடங்கு. மூன்றில் ஒரு பங்கு ரவைக்குப் போய்ச் சேர்ந்தாலே நல்ல துப்பாக்கி. மிச்சம் சூடாகவும் அதிர்வாகவும் உள்ளேயே செலவாகிறது. பாகங்களைத் தின்பது இந்த மிச்சம்தான்.

ஓடி வருகிற பிஸ்டனை நிறுத்துவது யார்? அதே காற்றுதான். ரவை குழலின் பின்வாயில் இறுகி உட்கார்ந்து ஒரு கணம் மறிப்பதால், காற்று பிஸ்டனுக்கு முன்னால் மெத்தையாக நிற்கிறது. ரவை இல்லாமல் சுட்டால் மெத்தை இல்லை. பிஸ்டன் நேராகப் போய் இரும்பில் மோதும். வாஷர் நசுங்கும், ஸ்பிரிங் அதிரும். ஆகவே கடைக்காரர் சொன்ன காரணம் கற்பனை அல்ல, உண்மையிலேயே நடக்கக்கூடியதுதான். நடந்ததா என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் கடைக்காரரின் வாயிலும் இல்லை, தம்பியின் வாயிலும் இல்லை. உடைந்த இடத்தில் இருக்கிறது.

சுருள் ஸ்பிரிங்கை அமுக்கும்போது கம்பி வளைகிறது என்று தோன்றும். உண்மையில் அது முறுக்கப்படுகிறது, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி. அந்த முறுக்கின் பாரம் சுருளின் உட்பக்கத் தோலில்தான் அதிகம். அந்தத் தோலில் துருப் புள்ளியோ, கருவி கீறிய வடுவோ, கம்பியை இழுக்கும்போதே விழுந்த நீளக் கோடோ இருந்தால், ஒவ்வொரு சுடுதலிலும் அந்த இடம் மயிரிழை மயிரிழையாகப் பிளக்கும். ஜெம் கிளிப்பை முன்னும் பின்னும் மடக்கி உடைப்பதுபோல. நல்ல ஸ்பிரிங் செய்கிறவர்கள் இதற்காகவே கம்பியின் மேல் பொடி இரும்பு மணிகளை வேகமாக அடித்துத் தோலை இறுக்குகிறார்கள். பிறகு முழுசாக அமுக்கி, முதல் தளர்ச்சியை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். மலிவான ஸ்பிரிங்கில் முதலில் வெட்டுப்படுகிற செலவு இதுதான் என்பது என் சந்தேகம்.

இப்படி மெல்ல மெல்ல உடைந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், ஒரு புள்ளியிலிருந்து விரிந்துகொண்டே போகிற வளைகோடுகள் தெரிவதுண்டு. அலை பின்வாங்கும்போது மணலில் விடுகிற வரிகளைப்போல இருப்பதால் பொறியாளர்கள் அதற்குக் கடற்கரை வரிகள் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரே அடியில் முறிந்த இடம் அப்படி இருக்காது, சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோலப் பொரபொரவென்று இருக்கும். வரிகள் தொடங்குகிற புள்ளியில் துரு இருந்தால் துப்பாக்கியை ஈரத்தில் வைத்தவர் பதில் சொல்ல வேண்டும். கம்பியோடு பிறந்த கோடு இருந்தால் செய்தவர் பதில் சொல்ல வேண்டும். இரண்டையும் பிரித்துச் சொல்ல ஓர் உலோகச் சோதனைக்கூடத்தால் முடியும். போனில் ‘தேயற பாகம்’ என்று சொன்னவரால் முடியாது.

ஆனால் எல்லா நோய்க்கும் ஸ்பிரிங்கையே குற்றம் சொல்லக் கூடாது. மடக்கியபடியே மணிக்கணக்கில் வைத்திருந்தால் ஸ்பிரிங் உடையாமலே தளர்ந்து குட்டையாகும். மடக்கு துப்பாக்கியில் குழலின் அடிப்பகுதியில் ஒரு ரப்பர் ஓ-ரிங் இருக்கிறது. விலை சில ரூபாய்தான். அது நைந்தாலே வேகம் போய்விடும். குழல் சேருமிடத்தில் ஒரு டிஷ்யூ காகிதத்தை வைத்து ரவை போட்டுச் சுட்டுப் பாருங்கள். காகிதம் துள்ளினால் காற்று அங்கேதான் ஒழுகுகிறது. இதைப் பார்க்காமல் ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு, புது ஸ்பிரிங்கையும் திட்டுகிறவர்களை எனக்குத் தெரியும்.

எண்ணெய் இன்னொரு வில்லன். பழைய துப்பாக்கிகளில் பிஸ்டன் வாஷர் தோலில் இருந்தது, அது எண்ணெய் குடித்தால்தான் மெத்தென்று இருக்கும். இப்போதைய செயற்கை வாஷருக்கு அது தேவையில்லை. தாத்தா காலத்துப் பழக்கத்தில் தையல் மிஷின் எண்ணெயை முன்னால் ஊற்றினால், நெருங்கிய காற்றின் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சினில் நடப்பதே இதுவும். ‘டப்’ என்ற சத்தமும் புகையும் வரும். “பவர் ஏறிடுச்சு” என்று பையன்கள் சந்தோஷப்படுவார்கள். உள்ளே வாஷர் கருகிக்கொண்டிருக்கும்.

இதுவரை சொன்னவை எல்லாம் செலவு வைக்கிற பழுதுகள், ஆளைக் காயப்படுத்துகிறவை அல்ல. ஸ்பிரிங் இரண்டு துண்டானாலும் பிஸ்டன் ஓடுகிற குழாய்க்குள்தான் கிடக்கும். சில சமயம் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று திருகிக்கொண்டு, துப்பாக்கி நோஞ்சானாகச் சுட்டுக்கொண்டே இருக்கும். (குழாயைப் பிரிக்கிறவருக்கு மட்டும் ஆபத்து. தகுந்த இடுக்கி இல்லாமல் பின்பக்க மூடியைக் கழற்றினால், அமுங்கிக் கிடக்கிற ஸ்பிரிங் முகத்துக்கு வரும்.)

ஆளைக் காயப்படுத்துகிற பாகம் வேறு. மடக்கிய பிஸ்டனைப் பிடித்து வைத்திருக்கிற சிறிய கொக்கி. விசையை இழுத்தால் விடுபடுவது அதுதான். கட்டைவிரல் நகம் அளவு இரும்பு. அதன் ஓரம் தேய்ந்தாலோ, பதம் வைக்காத மெல்லிரும்பில் செய்திருந்தாலோ, விசையைத் தொடாமலே நழுவும். குழல் மடங்கியிருக்கும்போது நழுவினால் குழல் விசுக்கென்று மேலே எகிறும். பக்கவாட்டு நெம்புகோல் வகையில் நிலைமை இன்னும் மோசம். அங்கே ரவை போடுவதற்காக ஓர் இரும்பு அறையே பின்னால் நகர்ந்து வழிவிடுகிறது. விரல் உள்ளே இருக்கும்போது கொக்கி நழுவினால் அறை கத்தியாகத் திரும்பி வரும். அதற்காகத்தான் நல்ல தயாரிப்புகளில் இரண்டாவதாக ஒரு பல்தடுப்பு வைக்கிறார்கள். கொக்கி கைவிட்டாலும் பல் பிடித்துக்கொள்ளும். அப்படியும் நெம்புகோலைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டுதான் ரவை போட வேண்டும்.

“இப்போ புரியுதா?” என்றேன். “ஸ்பிரிங் உடைவதற்காகவே பிறந்தது. கொக்கி அப்படி இல்லை. உடைகிற பொருளைச் செய்தான் என்று யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். உடைந்தால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் செய்தானே, அதுக்குத்தான் அவனைப் பிடிக்கணும்.”

சட்டமும் ஏறக்குறைய இந்தக் கோட்டில்தான் நிற்கிறது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம். இங்கிலாந்தில் அந்த வரம்பு 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல். ஜெர்மனியில் 7.5 ஜூல், ஐங்கோணத்துக்குள் ‘எஃப்’ முத்திரை. இந்த எண்கள் எல்லாம் துப்பாக்கியின் முன்வாயில் என்ன வருகிறது என்பதை அளக்கின்றன. பின்னால் இருக்கிற கொக்கி எத்தனை நாள் தாங்கும் என்பதைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. அதற்கு நுகர்வோர் சட்டத்திடம்தான் போக வேண்டும்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதை இரண்டு வாசலாகப் பிரிக்கிறது. பொருள் கெட்டுப்போனது மட்டும் என்றால் அது குறைபாட்டுப் புகார். பழுது நீக்கு, மாற்றிக் கொடு, பணத்தைத் திருப்பு என்று கேட்கலாம். அந்தப் பொருளால் உடலுக்கோ வேறு உடைமைக்கோ கேடு வந்தால்தான் ‘தயாரிப்புப் பொறுப்பு’ என்ற வாசல் திறக்கும். பொருளுக்கே நேர்ந்த சேதம் அதில் சேராது என்று சட்டமே சொல்கிறது. தம்பியின் ஸ்பிரிங் முதல் வாசல். விரல் போயிருந்தால் இரண்டாவது.

இரண்டாவது வாசலில் 84-ஆம் பிரிவு கடுமையானது. செய்த விதத்தில் குறை, வடிவமைப்பில் குறை, குறித்த அளவிலிருந்து விலகல், கொடுத்த வாக்குறுதிக்கு மாறாக இருத்தல், சரியாகப் பயன்படுத்தும் முறையையும் எச்சரிக்கையையும் சொல்லாமல் விடுதல், எதுவானாலும் தயாரிப்பாளர் பொறுப்பு. ‘கொக்கியை நான் செய்யவில்லை, வெளியே வாங்கினேன்’ என்பதும் செல்லாது. பிறர் செய்த பாகங்களைச் சேர்த்துப் பூட்டுகிறவரும், பிறர் செய்ததன்மேல் தன் பெயரை ஒட்டுகிறவரும் தயாரிப்பாளர்தான் என்று வரையறையிலேயே இருக்கிறது. வெளிநாட்டுத் துப்பாக்கிக்கு உள்ளூர்ப் பெயர் பொறித்து விற்பவர்கள் இந்த வரியை ஒருமுறை படித்துவைப்பது நல்லது.

இந்த நியாயத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அமெரிக்காவில் மேக்ஃபெர்சன் என்ற கல்தச்சர் ப்யூக் கார் ஒன்றை விற்பனையாளரிடம் வாங்கினார். ஓடும்போது சக்கரத்தின் மர ஆரங்கள் நொறுங்கி, தூக்கி எறியப்பட்டார். சக்கரம் வேறொரு கம்பெனி செய்தது, எங்களுக்கும் அவருக்கும் ஒப்பந்தமே இல்லை என்றது ப்யூக். 1916-இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கார்டோசோ அதை ஏற்கவில்லை. அலட்சியமாகச் செய்தால் உயிருக்கு ஆபத்தாகும் பொருளைச் சந்தைக்கு அனுப்புகிறவர், சோதித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அந்தச் சக்கரத்தைச் சும்மா பரிசோதித்திருந்தாலே குறை தெரிந்திருக்கும்.

“ஆனா நாமளும் ஒழுங்கா வச்சிக்கணும் இல்லண்ணே?” என்றார் தம்பி. நியாயம்தான். தவறாகப் பயன்படுத்தப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட பொருளுக்கு விற்பனையாளர் மீது வழக்கு நிற்காது என்று 87-ஆம் பிரிவு சொல்கிறது. லேத் பட்டறையில் கனமான ஸ்பிரிங் போட்டு ‘பவர்’ ஏற்றியவர் பிறகு யாரையும் குறை சொல்ல முடியாது.

எதைத் தவறான பயன்பாடு என்பது என்பதில்தான் இழுபறி. அமெரிக்காவில் டெய்சி என்ற ஏர் ரைஃபிள் கம்பெனியின் இரண்டு மாடல்கள், ஸ்பிரிங் வகை அல்ல, பம்ப் அடிக்கிற வகை. 2001-இல் அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அவற்றைத் திரும்பப் பெறச் சொல்லி வழக்குத் தொடுத்தது. சின்னக் குண்டு உள்ளே சிக்கிக்கொள்ளும், துப்பாக்கி காலி என்று நினைத்துப் பையன்கள் ஒருவரையொருவர் சுட்டுவிடுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. 15 சாவு, 171 பலத்த காயம் என்று ஆணையம் கணக்குச் சொன்னது. மனிதரை நோக்கிச் சுட்டது யார் தப்பு என்பது கம்பெனி பக்க வாதம். 2003-இல் சமரசமானது. திரும்பப் பெறவில்லை, எச்சரிக்கைப் பிரசாரத்துக்கு 15 லட்சம் டாலர் செலவிட ஒப்புக்கொண்டார்கள். எனக்கு அந்த முடிவில் இன்றும் ஒப்புதல் இல்லை. காலியாகத் தெரிந்து காலியாக இல்லாத துப்பாக்கியைச் சிறுவன் கையில் கொடுத்துவிட்டு, ‘கவனமாக இரு’ என்று சொல்லி முடித்துவிட முடியுமா?

இரண்டாவது டீ வந்தது. நடைமுறைக்கு வந்தேன். புகாரை வாங்கிய ஊரில்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை, நீங்கள் குடியிருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய்க்குட்பட்ட பொருளுக்குக் கட்டணம் இல்லை. சோதனை இல்லாமல் குறையைச் சொல்ல முடியாது என்றால், ஆணையமே பொருளை முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்.

“பில் இருக்கு. வாரண்டி அட்டை இருக்கு” என்று பையைத் திறந்தார்.

“உடைஞ்ச ஸ்பிரிங்?”

“பட்டறையிலதாண்ணே. புதுசு போடச் சொல்லிட்டு வந்துட்டேன். பழசை அவரு ஓரமா ஒரு டப்பாவுல…”

“பழைய இரும்புக்காரர் என்னைக்கு வருவார்?”

தம்பி கடைச் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தார். அடுத்த நொடி பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் டீயில் ஆடை படிந்திருந்தது. இரண்டுக்கும் நான்தான் காசு கொடுத்தேன்.