முதலில் மீண்டது உடல்

2015 ஆகஸ்ட். பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் பயிற்சி முகாமில் இரண்டு தலைக்கவசங்கள் மோதிக்கொண்டன. ஜான் அர்ஷெல் நினைவிழந்தார். அவருக்கு வயது 24. தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தில் அது அவருடைய இரண்டாவது ஆண்டு. ஏறத்தாழ மூன்று வாரத்தில் களத்துக்குத் திரும்பும் தகுதி வந்துவிட்டது. கணக்கு மட்டும் வரவில்லை. வடிவங்களை மனக்கண்ணில் நிறுத்திப் பார்த்து உயர்கணிதம் செய்யும் திறமை முழுதாகத் திரும்புவதற்குக் கூடுதல் நாட்கள் பிடித்தன என்று பிறகு அவரே சொன்னார்.

மூளை அதிர்ச்சியைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். இந்த ஒரு தகவல் என்னை உலுக்கிய அளவுக்கு வேறெதுவும் உலுக்கவில்லை. களத்துக்குத் தயார் என்ற நிலையை எட்டிய பிறகும் அந்த மூளை முழுதாகத் தேறியிருக்கவில்லை. அதை அவரால் கண்டுகொள்ள முடிந்ததே உயர்கணிதம் செய்யும் பழக்கம் இருந்ததால்தான்.

அர்ஷெல் ஒரு லைன்மேன். லைன்மேன் என்றால் நமக்கு மின்கம்பம் ஏறுகிறவர்தான் நினைவுக்கு வருவார். அமெரிக்கக் கால்பந்தில் அந்தப் பெயர் முன்வரிசைக்காரர்களுக்கு உரியது. பந்தை வைத்து ஆடும் அணியில் ஐந்து பேர் வரிசைகட்டிக் குனிந்து நிற்பார்கள். பந்து நகர்ந்த நொடியில் எதிரே இருப்பவர்கள் மேல் பாய்ந்து, பந்து வைத்திருக்கும் தங்கள் ஆட்டக்காரரைக் காப்பாற்ற வேண்டும். பந்து அவர்கள் கைக்கு வருவதே அபூர்வம். ஓடிப் புள்ளி எடுப்பவருக்குக் கைதட்டல் கிடைக்கும், இவர்களுக்கு மோதல்தான் மிச்சம். ஓர் ஆட்டத்தில் சுமார் அறுபது எழுபது தடவை இது நடக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். அர்ஷெலின் எடை அப்போது சுமார் 140 கிலோ. வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பாய்கிறார் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பாய்ச்சலின் இயக்க ஆற்றல் 630 ஜூல். 50 கிலோ அரிசி மூட்டையை நெஞ்சு உயரத்திலிருந்து போட்டால் தரையைத் தொடும்போது அதில் ஏறக்குறைய இதே அளவு ஆற்றல் இருக்கும். எதிரே வருகிறவரும் அதே கனம், அதே வேகம்.

தலைக்கவசம் மண்டையோடு உடையாமல் காக்கும். உள்ளே மூளை ஆடுவதை அதனால் நிறுத்த முடியாது. திரவத்தில் மிதக்கும் மென்மையான உறுப்பு அது. தலை சட்டென்று திரும்பும்போது நரம்புச் செல்களின் நீண்ட இழைகள் இழுபட்டு முறுக்கிக்கொள்கின்றன. அந்த இழைகளுக்குள் சாரக்கம்புகளைக் கட்டிய கயிறுபோல ஒரு வேலையை டௌ என்ற புரதம் செய்கிறது. திரும்பத் திரும்ப அடிபட்ட சிலரின் மூளையில் இந்தப் புரதம் உருக்குலைந்து, மடிப்புகளின் ஆழத்தில், சிறு ரத்தக் குழாய்களைச் சுற்றித் திரண்டுவிடுகிறது. சி.டி.இ. என்று இந்த நோயைச் சுருக்கமாகச் சொல்வார்கள். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் முன்வரிசை நடுவில் நின்று ஆடிய மைக் வெப்ஸ்டர் 2002இல் 50 வயதில் இறந்தபோது, அவர் மூளையில் இதைக் கண்டவர் மருத்துவர் பென்னட் ஒமாலு. நினைவிழந்து விழவைக்கும் பெரிய அடிகள் மட்டும் இதற்குக் காரணமல்ல. யாரும் எழுதி வைக்காத சிறுசிறு அடிகளின் கூட்டுத்தொகையும் காரணம். முன்வரிசைக்காரர்களின் பிழைப்பே அந்தச் சிறு அடிகள்தான்.

அர்ஷெல் கனடாவில் வின்னிபெக் நகரில் பிறந்து அமெரிக்காவில் பஃபலோ பகுதியில் வளர்ந்தவர். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடிக்கொண்டே கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார், மாணவர்களுக்குப் பாடமும் நடத்தினார். 2014இல் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது ரேவன்ஸ் அணி ஐந்தாம் சுற்றில், 175ஆவது ஆளாக அவரை எடுத்தது. மறு ஆண்டே அவரும் மூன்று கணிதர்களும் எழுதிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. பொருள், ஃபீட்லர் திசையன்.

பெயரைக் கண்டு மிரள வேண்டாம். ஊர்கள், சாலைகள் கொண்ட ஒரு பெரிய வலையமைப்பை, குறைந்த இணைப்புகளை வெட்டி இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஊர்களைக் குண்டுகளாகவும் சாலைகளைச் சுருள்வில்களாகவும் நினைத்துக்கொண்டு மொத்தத்தையும் மெல்ல அதிரவிடுங்கள். மிக மெதுவான அதிர்வில் ஒரு பகுதி ஒரு பக்கமும் மறுபகுதி எதிர்ப்பக்கமும் அசையும். திசை மாறுகிற இடமே வெட்டுவதற்கு ஏற்ற இடம். செக் கணிதர் மிரோஸ்லாவ் ஃபீட்லர் 1973இல் இதற்கு அடித்தளம் போட்டார். பிரம்மாண்டமான வலையமைப்புகளில் அந்த அதிர்வை வேகமாகக் கண்டுபிடிப்பதற்கு ஒரு வழி சொன்னது அர்ஷெல் குழுவின் கட்டுரை. வலையமைப்பைப் படிப்படியாகச் சுருக்கி, சிறிய வடிவில் விடை கண்டு, மறுபடி விரித்துக்கொண்டே திருத்த வேண்டும். இப்படிச் சிந்திக்கிற மூளைதான் வாரந்தோறும் போய் முட்டிக்கொண்டிருந்தது.

ஏன்? 2015 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ அணியின் கிறிஸ் போர்லண்ட் மூளைக்கு வரும் ஆபத்தை எண்ணி ஒரே ஆண்டில் விலகியபோது, அர்ஷெல் இதற்கு வெளிப்படையாகப் பதில் எழுதினார். பணத்துக்காக ஆடவில்லை, எதிராளியோடு மோதுவதை மனம் விரும்புகிறது, கணித எதிர்காலத்துக்கு இது நல்லதல்ல என்பதும் தெரியும் என்பதே அதன் சாரம். பணத்துக்காக அல்ல என்பதை நம்பலாம். லட்சக்கணக்கில் டாலர் சம்பளம் வாங்கியவர், பழைய சிறிய கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு ஆண்டுக்கு 25,000 டாலருக்குள் வாழ்ந்தார். அவரை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அபாயத்தின் அளவை அறிந்தே அதை ஏற்றவர் அவர். அந்த ஆண்டு ஆகஸ்டில் விழுந்த அடிக்குப் பிறகும் இரண்டு பருவங்கள் ஆடினார். 2016இல் எம்.ஐ.டி.யில் முனைவர் படிப்பிலும் சேர்ந்தார்.

2017 ஜூலை 25 அன்று பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆன் மெக்கீ குழு, இறந்துபோன 202 ஆட்டக்காரர்களின் மூளைகளை ஆராய்ந்த முடிவை வெளியிட்டது. தொழில்முறைத் தேசிய லீகில் ஆடிய 111 பேரில் 110 பேருக்கு சி.டி.இ. இருந்தது. இந்த எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். பாதிப்பு இருக்குமோ என்று சந்தேகித்த குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் தந்தன. அதனால் ஆடிய எல்லோருக்கும் இதே விகிதம் என்று சொல்லிவிட முடியாது. அப்படியிருந்தும் 110 என்பது யாரையும் தூங்கவிடாத எண்.

இரண்டு நாள் கழித்து அர்ஷெல் ஓய்வு அறிவித்தார். முழுநேரமாகப் படிக்க வேண்டும், டிசம்பரில் முதல் குழந்தை பிறக்கப்போகிறது என்றார். மூன்று பருவங்கள், 40 ஆட்டங்கள், வயது 26. 2021இல் முனைவரானார். பிறகு எம்.ஐ.டி.யிலேயே கணித உதவிப் பேராசிரியரானார்.

உங்கள் பிள்ளை மைதானத்தில் தலையில் அடிபட்டு வந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். நாலு நாள் கழித்து ஓட முடிகிறதா என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். போன வாரம் போட்ட கணக்கை இந்த வாரமும் அதே வேகத்தில் போட முடிகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முடியவில்லை என்றால் மைதானத்துக்கு அனுப்பாமல் மறுபடி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.