ஆசிரியர் சங்கமும் அதன் சுற்றறிக்கையும்

லக்ஷ்மிபாய் நகரில் குடியிருக்கும் எங்களுக்குச் சுற்றறிக்கை என்பது புதியதொரு பொருளன்று. மத்திய அரசாங்க ஊழியர்களுக்கென எழுந்த குடியிருப்பு இது. அகவிலைப்படி உயர்வு முதல் வீட்டு ஒதுக்கீடு வரை யாவும் எங்களுக்குச் சுற்றறிக்கை வடிவிலேயே வந்து சேரும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கோ பொழுது கழிவதே அத்தகைய தாள்களோடுதான். ஓர் ஆணையை மொழி பெயர்ப்பது வேறு. அந்த ஆணையினால் தனக்கு என்ன நேரும் என்பதை ஓர் ஊழியனுக்கு விளங்க வைப்பது வேறு. பின்னதை அலுவலகங்கள் செய்வதில்லை. சங்கங்களே செய்தாக வேண்டும். இங்குள்ள தமிழ்ப் பள்ளியிற் படித்த பிள்ளைகள் மேற்படிப்புக்கு நாடிச் செல்லும் டில்லிப் பல்கலைக் கழகத்தில், ஆசிரியர் சங்கம் இப்பணியை எவ்வாறு ஆற்றி வந்திருக்கிறது என்று பார்ப்போம்.

1922-ஆம் ஆண்டில் இப்பல்கலைக் கழகம் தோன்றியபோது அதில் இருந்தவை ஸெயிண்ட் ஸ்டீபன்ஸ், ஹிந்து, ராம்ஜஸ் ஆகிய மூன்றே கல்லூரிகள். அன்று ஒரு செய்தியை எல்லா ஆசிரியருக்கும் அறிவிக்க ஒரு மாலைப் பொழுது போதும். இன்றோ சுமார் தொண்ணூறு கல்லூரிகள். எங்கள் நகருக்கு அண்மையில் லோதி சாலையில் தயாள் சிங் கல்லூரி. தௌலா குவாவில் 1961-இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா கல்லூரி. வடகோடியில் பவானாவில் அதிதி மகாவித்யாலயா. மற்றொரு கோடியில் நஜஃப்கர்ப் பக்கத்துக் கைர் கிராமத்தில் பகினி நிவேதிதா கல்லூரி. விதிகளை வகுப்பவை பல்கலைக் கழகமும் மானியக் குழுவும். சம்பளம் வழங்குவது கல்லூரி. ஆகவே மேலிருந்து புறப்படும் ஆணை ஒவ்வொரு கல்லூரி முதல்வரின் மேசையிலும் ஒரு முறை தங்கி, அவர் கொண்ட பொருளோடுதான் ஆசிரியரிடம் வந்து சேரும்.

'டூட்டா' என்ற சுருக்கப் பெயரால் வழங்கும் ஆசிரியர் சங்கத்திற்கு ஒரு தலைவரும் பதினைந்து நிர்வாகக் குழு உறுப்பினரும் உளர். தேர்தல் இரண்டாண்டுக்கு ஒரு முறை. கல்லூரிதோறும் ஊழியர் சங்கம் ஒன்று உண்டு. இவையன்றி, பல்கலைக் கழகத்தின் கல்விக் குழுவிலும் ஆட்சிக் குழுவிலும் ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் அமர்கின்றனர். ஒரு தீர்மானம் நிறைவேறும்போது, அதற்கு உடன்படாத பிரதிநிதிகள் தம் மாறுபாட்டை எழுத்திற் பதிவு செய்வர். அவ்வெழுத்தே பிறகு அங்கத்தினரிடையே பரவும். மூடிய அறையில் நடந்ததை வெளியில் இருப்போர் அறிவதற்கு இதைக் காட்டிலும் நேரான வழி வேறில்லை என்பது என் எண்ணம்.

செய்தியறிவிப்பை இவ்வளவு பெரிதாகப் பேசுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். இதற்குச் சட்டத்தின் வழியாக ஒரு காரணம் உண்டு. 1963-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த வழக்கு ஒன்று. மாணவியரை ஏற்றிச் செல்லப் பல்கலைக் கழகம் நடத்திய பஸ்களின் ஓட்டுநர்கள் வேலை நீக்கம் செய்யப்பட்டனர். பல்கலைக் கழகம் தொழிற்சாலை போன்றதொரு 'தொழில்' அன்று, எனவே தொழில் தகராறுச் சட்டம் அவர்களுக்குக் கைகொடுக்காது எனத் தீர்ப்பாயிற்று. 1978-இல் வேறொரு வழக்கில் அக்கருத்து மாற்றப்பட்டுக் கல்வி நிலையங்களும் 'தொழில்' என்ற வரையறைக்குள் வந்தன. ஆயினும் 1988-இல் அதே கோர்ட், ஆசிரியர் அச்சட்டம் கூறும் 'தொழிலாளி' ஆகார் என்று சொல்லிவிட்டது. பஸ் ஓட்டுபவருக்குத் திறந்த வாயில் பாடம் சொல்பவருக்குத் திறக்கவில்லை! தொழிலாளர் நீதிமன்றம் இல்லாதவனுக்கு எஞ்சியிருப்பவை ஒற்றுமையும் பேச்சுவார்த்தையும் பொதுமக்களின் ஆதரவுமே. இம்மூன்றும் அவனவன் விஷயத்தை அறிந்திருப்பதைப் பொறுத்தவை.

விஷயத்தை அறிவது எளிதன்று என்பதற்கு இட ஒதுக்கீட்டுச் சுழற்சிப் பட்டியல் பற்றிய வழக்கே சான்று. ஆசிரியர் பதவிகளை ஒதுக்கும்போது கல்லூரி முழுவதையும் ஓர் அலகாகக் கொள்வதா, ஒவ்வொரு துறையையும் தனி அலகாகக் கொள்வதா என்பதே கேள்வி. துறையே அலகு என 2017 ஏப்ரலில் அலகாபாத் ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. 2018 மார்ச் 5-ஆம் தேதி மானியக் குழு அவ்வாறே ஆணையிட்டது. தமிழில் அலகு என்றால் பறவையின் மூக்கும் ஆகும். இந்த அலகு கொத்தியது பலரை. ஆனால் ஆணையைப் படித்த மாத்திரத்தில் அது தெரியாது, கணக்குப் போட்டால்தான் தெரியும்.

போட்டுப் பார்ப்போம். ஒரு கல்லூரியில் பதினைந்து துறைகள், துறைக்கு நான்கு ஆசிரியர், ஆக அறுபது பதவிகள் என்று கொள்வோம். கல்லூரி முழுவதும் ஓர் அலகானால், அந்நாளைய விகிதப்படி பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதமாக ஒன்பது, பழங்குடியினருக்கு ஏழரை சதவீதமாக நான்கு, பிற பிற்பட்ட வகுப்பினருக்கு 27 சதவீதமாகப் பதினாறு இடங்கள் கிடைக்கும். துறை அலகானால் பதின்மூன்று இடச் சுழற்சிப் பட்டியல் வரும். அதில் நான்காவது இடம் பிற்பட்டோருக்கு, ஏழாவது பட்டியல் சாதியினருக்கு. பழங்குடியினர் முறை பதினான்காவதாகத்தான் வரும். துறைக்கு நால்வரே உள்ள நம் கல்லூரியில் பிற்பட்டோருக்குப் பதினைந்து இடங்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தொடக்கத்தில் ஓர் இடமும் இல்லை. ஒருவர் ஓய்வு பெற, அவ்விடம் காலியாக, சுழற்சி நகர்ந்து அவர்கள் முறை வரும் வரையில் காத்திருக்க வேண்டும். ஒரு துறையில் மூவரே எனில் பிற்பட்டோருக்கும் இடமில்லை. அரசியற் சொற்பொழிவுகள் பலவற்றினும் இச்சிறு கணக்கு வலியது.

2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அரசாங்கத்தின் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தபோது, டில்லி ஆசிரியர் சங்கமும் நாடெங்கும் உள்ள பல அமைப்புகளும் கிளர்ந்தெழுந்தன. மார்ச் 7-ஆம் தேதி அவசரச் சட்டம் பிறந்தது. ஜூலையில் பாராளுமன்றம் அதனைச் சட்டமாக்கிற்று. கல்வி நிலையம் முழுவதும் மீண்டும் ஓர் அலகாயிற்று.

சங்கத்தின் அறிக்கை எப்போதும் பாரபட்சமற்றது என்று நான் கூற வரவில்லை. டூட்டாவினுள்ளேயே கொள்கையால் மாறுபட்ட அணிகள் பல. தேர்தல் காலத்தில் ஒரே ஆணைக்கு மூன்று விளக்கங்கள் ஊழியர் அறையை வந்தடையும். இதற்கு மருந்து, விளக்கத்தோடு மூல ஆணையின் நகலையும் சேர்த்து அனுப்புவது. ஜான் டூயியைத் தலைவராகக் கொண்டு 1915-இல் தோன்றிய அமெரிக்கப் பேராசிரியர் சங்கம் இவ்வகையில் ஒரு வழி காட்டிற்று. யூட்டா பல்கலைக் கழகத்தில் ஆசிரியர்கள் நீக்கப்பட்டதை அவ்வாண்டிலேயே விசாரித்து, விவரங்களோடு அறிக்கை வெளியிட்டது. படிப்பவர் சான்றுகளைத் தாமே எடைபோட்டுக் கொள்ளலாம்.

ஆணையின் ஒரு சொற்றொடர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னுமொரு நிகழ்ச்சி. நிரந்தர நியமனம் நடைபெறாமையால், நான்கு மாதத்துக்கு ஒரு முறை பணி நீட்டிப்புப் பெறும் தற்காலிக ஆசிரியர்கள் பல்லாயிரவர் ஆண்டுக்கணக்கில் அங்கே பாடம் நடத்தி வந்தனர். 2019 ஆகஸ்ட் 28-ஆம் தேதியிட்ட கடிதமொன்றில் பல்கலைக் கழகம், புதிய காலியிடங்களில், வகுப்புக்கு இவ்வளவு என ஊதியம் பெறும் கௌரவ விரிவுரையாளர்களையே அமர்த்தலாம் என்று எழுதியது. 'புதிய' என்ற சொல்லைச் சிலர் இறுக்கியும் சிலர் நெகிழ்த்தியும் பொருள் கொண்டனர். ஏற்கனவே பணியில் இருந்தோரின் நீட்டிப்பே ஐயத்துக்கு உள்ளாயிற்று. டிசம்பர் 4-ஆம் தேதி ஆசிரியர்கள் ஆயிரக் கணக்கில் துணைவேந்தர் அலுவலகத்தில் திரண்டனர். மறுநாளே அமைச்சகத்தில் பேச்சுவார்த்தை நடந்து, கடிதம் திருத்தப்படும் என்று எழுத்தில் உறுதி கிடைத்தது.

2022 முதல் நிரந்தர நியமனங்கள் விரைந்து நடந்தன. தற்காலிகமாக இருந்தோரிற் பலர் நிரந்தரமாயினர். பலர் வெளியேற நேர்ந்தது. அவ்வாறு வெளியேறியவர் கல்லூரியின் ஊழியர் அறைக்கு வருவதில்லை. அங்கே ஒட்டப்படும் அறிக்கையும் அவர் கண்ணிற் படுவதில்லை.